தானாக மூடாத கனசதுரம்

அருமை மச்சான் இளமாறா,

"அடப்பாவி" என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அதை அடித்துவிட்டு "படுபாவி" என்று எழுதினேன். அதற்குள் உன் அக்கா மலர் எட்டிப் பார்த்துவிட்டாள். அதனால்தான் இந்த "அருமை". மற்றபடி உன் அருமையெல்லாம் எனக்குத் தெரியும்.

நான் கோபமாக இருக்கிறேன். செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது மட்டும் விட்டார்களா? "பாவம், சின்னப் பையன்" என்று உன் அக்கா குறுக்கே வந்து நிற்பாள். நாற்பத்து நாலு வயசு, பாதி வழுக்கை, சின்னப் பையன்! அப்போதும் திட்ட விடவில்லை, இப்போதும் கூடாதென்றால் நான் உன்னை எப்போதுதான் திட்டித் தீர்ப்பது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுகிறோம் என்கிறார்கள். ஊரே ஒட்டுக்கேட்கும். ஆகவே உன்னைத் தெரியாதவர்களுக்காக ரெண்டு வார்த்தை. நீ கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதியச் சோற்றை எங்கள் வீட்டிலும் சாயங்கால டீயை என் கடையிலும் முடித்துக்கொண்ட கெட்டிக்காரன். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில் அடிக்கிறவன். நடுவில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறவன். "மாமா, உங்க கட்டுரையைப் படிச்சேன். எந்த இடத்துல சிரிக்கணும்னு ஒரு அம்புக்குறி போட்டுடுங்க" என்று நீ சொன்னதை இன்றைக்கும் உன் அக்கா விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம்தானே?

உன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடித்துக் கொடுத்தவன் என்ற பாவத்துக்கு, உன் கணக்கும் கொஞ்சம் என் தலையில் ஏறிவிட்டது. புள்ளிகள், அவற்றை இணைக்கும் அம்புகள், அதுதான் கிராப் என்றாய். "கட்டம் போட்ட தாளில் கோடு இழுப்போமே, அதுதானே?" என்றேன். "அது வேற கிராப் மாமா. அதை மறந்துடுங்க" என்றாய். உடனே மறந்தேன். உன் பாடத்திலேயே எனக்குச் சுலபமாக வந்தது அந்த ஒரு இடம்தான்.

பிறகு உதாரணத்துக்கு நம்ம ஊர்ப் பக்கத்து மலையை எடுத்துக்கொண்டாய். "புள்ளின்னா ஊருங்க மாமா. அம்புன்னா ஒரு ஊருல இருந்து இன்னொரு ஊருக்குப் போற வழி. சிவப்பு அம்பு பஸ்ஸு, நீல அம்பு ஜீப்பு. நீங்க கச்சிராயபாளையத்துல பஸ் ஏறி, நடுவுல ஜீப் மாறி மலைமேல போறீங்கன்னு வைங்க. அதே இடத்துல கிளம்பி அதே இடத்துக்கு, முதல்ல ஜீப்பு, அப்புறம் பஸ்ஸுன்னு போற வழி ஒண்ணு அதுக்கு ஜோடியா இருக்கணும். ஒண்ணே ஒண்ணுதான். எதுக்கு எது ஜோடின்னு நாம முன்கூட்டியே சொல்லிடணும்."

"மலை ஏறும்போது நமக்காக எந்த ஜீப்புடா காத்துக்கினு நிக்குது?"

"கணக்குல நிக்கும் மாமா."

போகிற வழியையும் அதன் ஜோடியையும் சேர்த்தால் நாலு பக்கம் உள்ள சதுரம். அந்தச் சதுரத்தைத் துணி போட்டு மூடு. எல்லாச் சதுரங்களையும் விளிம்போடு விளிம்பு ஒட்டு. கடைசியில் ஒரு உருவம் வரும், அதற்குத்தான் கணக்கில் 'வெளி' என்று பேர் என்றாய். ஒரே ஊர், ஊரைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும் ஒரு பஸ், அதே மாதிரி ஒரு ஜீப் என்றால் சதுரமும் ஒன்றுதான். அதன் எதிரெதிர்ப் பக்கங்களை ஒட்டினால் லாரி டியூப் வரும். மலர் தைக்கக் கொடுக்க வைத்திருந்த ரவிக்கைத் துணியை வெட்டி, ஒட்டியே காட்டினாய். டியூப் அருமையாக வந்தது. அந்த வாரம் முழுக்க நம் ரெண்டு பேருக்கும் வெறும் ரசம்தான் வந்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒவ்வொரு வழிக்கும் ஒரு செயலி. ஒன்றை எடுத்து இன்னொன்றாக மாற்றித் தரும் கருவி என்று நான் புரிந்துகொண்டேன். வழிக்குப் பின்னால் வழி வந்தால், செயலியோடு செயலியைப் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு இயற்கணிதம். ஒட்டிய துணியைப் பார்த்து அந்த இயற்கணிதத்தைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? இதுதான் உன் வாழ்க்கை. இதற்காக நீ பெண் பார்க்கப் போகாமல் ஏமாற்றிய வீடுகளின் பட்டியலை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

ரெண்டு நிறத்தோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? மூன்றாவது நிறத்துக்கு ஆசைப்பட்டாய். மஞ்சள் அம்பு, நடை. இப்போது பஸ், ஜீப், நடை என்று போன ஒரு பயணத்தை, அடுத்தடுத்து இருப்பவற்றை ஜோடி மாற்றி மாற்றி, நடை, ஜீப், பஸ் என்று திருப்ப வேண்டும். திருப்புவதற்கு ரெண்டு முறை இருக்கிறது: முன்னால் இருக்கும் ரெண்டை முதலில் மாற்றலாம், பின்னால் இருக்கும் ரெண்டை முதலில் மாற்றலாம். எப்படி மாற்றினாலும் முடிவில் அதே பயணம் வர வேண்டும். வந்தால்தான் சதுரங்கள் சேர்ந்து ஒரு கனசதுரமாக மூடும். உன் கடைசிக் கட்டுரையில், ஜோடிகள் மட்டும் ஒழுங்காக இருந்தால் இது எப்போதும் நடக்கும் என்று சொல்லி, நிரூபணம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன எழுதினாய்? "எளிதில் காணலாம்." என் கையாலேயே அடித்தேன்.

காணாதது ஒரே ஒருவர், வசந்தா டீச்சர். நைனார்பாளையத்துக்காரர். மலைமேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். உன்னைவிட மூத்தவர். பள்ளிக்கூட வேலைக்கு நடுவில் உன்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். அவருடைய ஆய்வேட்டில் பாதி, உன்னுடைய அந்த ஒரு வரியின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. என் கடையில் வைத்துத்தானே உன்னைக் கேட்டார்?

"சார், அந்த மூணு கலரு எனக்கு மூடல சார்."

"ரெண்டு கலருக்கு எத்தினி தடவை பாத்தோம் டீச்சர். மூணுக்கும் அதே கதைதான். தானா மூடிக்கும்."

"நீங்க ஒரு தபா போட்டுப் பாத்தீங்களா?"

"இதைப் போட்டு வேற பாக்கணுமா இன்னா? உங்களுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. டீ ஆறுது, குடிங்க."

அதே நாற்காலியில் சில நாள் கழித்து நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஆட்டோவே கூப்பிட்டுவிட்டேன். "போண்டா தின்ன கேஸ் டிரபிளு மாமா. தானா சரியாப் போயிடும்" என்று சொல்லி, வந்த ஆட்டோக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாய். மறுநாள் காலையில் உன் பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். அந்த ஆட்டோக்காரர் உன் சாவுக்கு வந்து ஒரு ஓரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டார். நீ பார்க்கவில்லை. உனக்குத்தான் எதையும் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே!

உனக்குப் பேனர் அடித்தவனும் நான்தான். உன் துறைத்தலைவர், "அவரு கிராப்புல பெரிய ஆளு, பின்னாடி கிராப்பு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாவு வீட்டு வேலையில் அலைந்த நேரத்தில், கடையில் இருந்தவர்கள் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் நீ கைகூப்பி நிற்க, உன் தலைக்குப் பின்னால் பச்சைப் பச்சையாகப் பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போன டிராக்டர்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "சீட்டு கம்பெனிக்காரரா?" என்று கேட்டார்.

சரி, சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் காரியம் முடிவதற்கு முன்பே வசந்தா டீச்சர் கடைக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை.

"ஒரே ஊருதான் சார், கச்சிராயபாளையம்னு வைங்க. பஸ்ஸு ரெண்டு, ஜீப்பு ரெண்டு, நடை ரெண்டு. எல்லாமே சுத்திக்கினு அங்கயே வந்து சேருது. நடையில ஒண்ணு அணைக்கரை வழியா, இன்னொண்ணு கோயில் வழியா. ஜோடியெல்லாம் ஒழுங்கா வச்சிருக்கேன், அதுல ஒரு குத்தமும் இல்ல. இப்போ பஸ், ஜீப், நடைன்னு ஒரு பயணம். முன்னாடி ரெண்டை முதல்ல மாத்தி ஆரம்பிச்சா, கடைசியில அணைக்கரை நடை வந்து முன்ன நிக்குது. பின்னாடி ரெண்டை முதல்ல மாத்தி ஆரம்பிச்சா கோயில் நடை வந்து நிக்குது. ஒரே பயணம் சார். ரெண்டு பதில்."

"ஏதோ ஒரு நடை. ஊரு போய்ச் சேந்தா பத்தாதா டீச்சர்?"

"பத்தாது சார். ரெண்டும் ஒண்ணுன்னு வச்சிப் பெருக்கிப் பாத்தேன். எல்லாச் செயலியும் சைபர் ஆயிடுது. ஒண்ணுகூட மிஞ்சல."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நீ பக்கம் பக்கமாக அளந்து வைத்த இயற்கணிதம், அந்த ஊரில், வெறும் பூஜ்யம். உள்ளே ஆளே இல்லாத வீட்டுக்கு நீ சுண்ணாம்பு அடித்திருக்கிறாய்.

"அவரு இருந்தா இன்னைக்கு என்கூட சண்டை போட்டிருப்பாரு" என்றார் டீச்சர். "நாளைக்கு வந்து, ஆமா டீச்சர்னு ஒத்துக்கினு இருப்பாரு. இப்போ நான் யாருகிட்ட சண்டை போடுறது?"

நீயே சொல், யாரிடம் போடுவது? உனக்குப் பதிலாக டீச்சருக்கு வழிகாட்டியாக வந்து உட்கார்ந்தவர் உன் துறைத்தலைவர். உனக்கு நினைவு மலர் போடுவதும் அவர்தான். அதில் அந்தக் கட்டுரையை "இளமாறன் தேற்றம்" என்று தலைப்பு வைத்து அச்சிட முடிவு. டீச்சர் அவரிடம் போய்ச் சொன்னதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? "ஏம்மா, மனுஷன் செத்த ஈரம் காயல, அதுக்குள்ள குத்தம் கண்டுபிடிக்கிறீங்களா? இதை எவன் படிச்சிப் பாக்கப் போறான்? அப்படியே வச்சி முடிங்க. கையெழுத்து போட்டுத் தரேன். இல்லேன்னா வேற வழிகாட்டி பாத்துக்கங்க."

புரிகிறதா மச்சான்? பொய் என்று தெரிந்த ஒன்றைத் தன் பெயரில் எழுதிக் கொடுத்தால் பட்டம். நிஜத்தைச் சொன்னால் இத்தனை வருஷம் மலை ஏறி இறங்கி, தூக்கத்தை விட்டுப் படித்ததெல்லாம் குப்பை. கூடவே, குருவைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பட்டம் இலவசம். இந்த முச்சந்தியில் அந்தம்மாவை நிறுத்திவிட்டு நீ படத்துக்குள் போய் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் அக்காவிடம் சொன்னேன். "செத்தவனைப் போயி தப்பு சொல்லிக்கினு... நீயெல்லாம் மனுஷனா?" என்றாள். கல்லூரிக்காரர்கள், உறவுக்காரர்கள், உன் பழைய மாணவர்கள், எல்லாரும் அதே பாட்டு. உனக்குத் தப்பு செய்யும் உரிமையைக்கூட எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

படத்திறப்பு அன்றைக்கு மண்டபம் நிறையக் கூட்டம். பேசியவர்களைப் பற்றி என்ன சொல்ல? நீ எட்டாவது பரிமாணத்தைக் கண்டுபிடித்தாய் என்றார் ஒருவர். முதல் ஏழையும் கண்டுபிடித்தது யார் என்று அவர் சொல்லவில்லை. உன் கணக்கில் கடவுள் இருக்கிறார் என்றார் இன்னொருவர். துறைத்தலைவர் மைக்கைப் பிடித்து, "இளமாறன் தேற்றம் காலத்தால் அழியாதது" என்றார். டீச்சர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கொடுத்தது நன்றியுரை. எழுந்து போகும்போதுதான் உன் சாவு அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. பாடையில் உன்னைப் படுக்க வைத்ததும், உனக்கு மாமன் முறையாகும் ஒரு கிழவர், "எழுந்துருடா சோம்பேறி, காலேஜுக்கு நேரமாவுது" என்று உன் கன்னத்தில் தட்டினார். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்தார்கள். யாரும் அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி சொல்லக் கூடாது, மாணவன் சொல்லக் கூடாது. மாமன் மச்சானுக்கு மட்டும் நம் பக்கத்தில் பிணத்தைக்கூடக் கிண்டல் பண்ண முறை இருக்கிறது. அந்த மண்டபத்தில் உன் தப்பைச் சொல்ல முறை உள்ளவன் நான்தான்.

உன் படத்தைப் பார்த்து ஆரம்பித்தேன். "வாடா மச்சான், எட்டாவது பரிமாணம்! மூணு நிறத்தை ஒழுங்கா எண்ணத் தெரியாதவனுக்கு மாலையைப் பாரு!" கூட்டம் சிரித்தது. "பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டா யோசிக்கணும்ப, கனசதுரம் மூடுமாடான்னு கேட்டா யோசிக்காம தானா மூடிக்கும்ப!" இன்னும் சிரித்தது. ரவிக்கைத் துணியைச் சொன்னேன். பஸ், ஜீப், நடையைச் சொன்னேன். "ரெண்டு தபா மாத்திப் பாக்க வேண்டிய வேலை. அதைக்கூடப் பாக்காம, எளிதில் காணலாம்னு எழுதிட்டு எங்கடா ஓடிப்போன?" என்றேன். அந்த இடத்தில் என் குரல் கிண்டலாக வரவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

துறைத்தலைவர் எழுந்தார். "ஐயா, இது மரியாதைக்குரிய மேடை. நிறுத்திக்கங்க."

முன்வரிசையில் இருந்த பாடைக் கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னா சார் நீங்க? மாமனும் மச்சானும் பேசிக்கிறாங்க. நடுவுல நீங்க எந்த முறையில எழுந்துக்கிறீங்க?"

துறைத்தலைவர் உட்கார்ந்துவிட்டார். எந்த முறை என்று அவருக்கே தெரியவில்லை.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். "டீச்சர், உங்களைத்தான். இவன் கனசதுரம் மூடுதா, மூடலையா?"

எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "மூடல சார்" என்றார். மைக் இல்லாமலே கேட்டது. பிறகு, "ரெண்டு நிறத்துக்கு அவர் சொன்னது மொத்தமும் சரி. மூணுக்கு, மூடுதான்னு தனியாப் பாத்தாத்தான் சரி. பாத்துட்டுச் சொன்னா, மீதி தேற்றம் நிக்கும்" என்றார். எத்தனை பேருக்குப் புரிந்ததோ. ஆனால் அவர் சொன்னதை மண்டபமே கேட்டது, இனி யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

அப்புறம் உன் அக்கா என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தத்தில்தான் அவள் மனநிலையைத் தெரிந்துகொண்டேன். நினைவு மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால், கடையில் வந்து நின்று உன் கட்டுரையின் பக்கத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே தப்பா?"

"ஆமா."

"அவனுக்குத் தெரியுமா?"

"டீச்சர் கேட்டாங்க. தானா மூடிக்கும்னான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நெஞ்சு வலிக்கும் அதையேதான் சொன்னான்" என்றாள். உன்மேல் அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அங்கேயே நின்று துறைத்தலைவருக்குப் போன் போட்டாள். "சார், நான் இளமாறன் அக்கா. அது தப்புன்னா தப்புன்னே போடுங்க. வூட்டுல அவன் ஒரு நாளும் தப்புன்னு ஒத்துக்கினதில்ல. இப்பவாச்சும் ஒத்துக்கட்டும். இல்லேன்னா எங்க வூட்டுப் படம் ஒண்ணுகூட உங்க நினைவு மலருக்கு வராது."

நினைவு மலரில் திருத்தம் வருகிறது மச்சான். "இளமாறன் தேற்றம்" என்பது இனி ரெண்டு நிறத்துக்கு மட்டும்தான். சின்னதாகிவிட்டது, ஆனால் நிஜம். டீச்சருடைய ஆய்வேட்டுக்குத்தான் இன்னும் கையெழுத்து வரவில்லை. துறைத்தலைவர் "பாக்கலாம்" என்கிறார். மூன்று நிறத்துக்கான நிபந்தனையை டீச்சர் புதிதாக ஒரு அத்தியாயமாக எழுதிவிட்டார். நான்தான் அடிக்கிறேன். நிரூபணம் இருக்க வேண்டிய இடத்தில் நிரூபணம் இருக்கிறது.

உன்மேல் எனக்கு என்ன கோபம் தெரியுமா? தப்பு செய்ததற்கு இல்லை. நான் எழுதாத தப்பா! அந்தம்மா "மூடல" என்று சொன்னபோது எதிரே உட்கார்ந்து சண்டை போட்டு, தோற்று, தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொள்ள வேண்டியவன் நீ. அந்த ஒரு சண்டைக்காவது நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே? அந்த ஆட்டோ வாசலில்தானே நின்றது?

சத்தியம் பண்ணுகிறேன் கேட்டுக்கொள். துறைத்தலைவர் கையெழுத்துப் போடும்வரை அவர் அறை வாசலில் போய் உட்காரப் போகிறேன். என் நகைச்சுவைக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டப் போகிறேன்; எவ்வளவு நாள் தாங்குவார், பார்க்கலாம். ஆய்வேட்டில் "இளமாறனின் இந்தக் கூற்று தவறு" என்று ஒரு வரி வருகிறது. பாவம் என்று அதை மழுப்பச் சொல்லி யார் வந்தாலும், உன் அக்காவே வந்தாலும், ஒரு எழுத்தைக்கூடத் தொட விடமாட்டேன்.

கோபம் தீர்ந்ததும் அழுதுவிடுவேன் என்று மலர் சொல்கிறாள். இப்போதைக்குத் தீர்வதாக இல்லை.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட முறையுள்ள
உன் அக்காள் புருஷன்